கிட்னி குடுக்கச் சோதினை உண்டோ, மாமா?

போன மாதம் கிட்னிக் கொடை பற்றி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் போட்டேன். அதற்குப் பிறகு வந்த கடிதக் கட்டைப் பார்த்தால், வன்னியில் வீட்டுக்கு ஒரு கிட்னிக் கதை இருக்கிறது போல. ஆகவே இந்த மாதம் முழுக்க அதுதான். கிரிக்கெட், சினிமா, தேர்தல் கேட்டவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கோ.

கேள்வி: அண்ணாவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. நான் முழுமனதோடு குடுக்கிறேன் என்கிறேன். எடுக்க வேண்டியதுதானே? ஏன் மாதக்கணக்காக அலைக்கழிக்கிறார்கள்? (தம்பி, பரந்தன்)

ஆஸ்பத்திரி வாசலால் வருகிற அத்தனை பேரும் வருத்தக்காரர். நீங்கள் ஒருவர்தான் சுகதேகி. சுகமாக நடந்து வந்தவரைக் கத்திக்குக் கீழே படுக்கவைக்க முதல், உங்களைத் திருப்பி அனுப்ப ஒரு காரணம் கிடைக்குமா என்று டொக்டர்மார் மூலை முடுக்கெல்லாம் தேடுவார்கள். அண்ணாவைப் பார்க்கிறவர் ஒருவர், உங்களைப் பார்க்கிறவர் இன்னொருவர் என்று இருப்பதுதான் முறை. இரண்டாமவர் உங்கள் கட்சி அப்புக்காத்து.

கேள்வி: என்ன என்ன சோதிப்பார்கள்? வரிசையாகச் சொல்லுங்கோ. (மாணவி, வவுனியா)

சாதாரண தரம்: இரத்த வகை, பிரஷர், சீனி, சலம், கிரியற்றினின். இதிலேயே பலர் இறங்கிவிடுவார்கள்.

உயர்தரம்: இழையப் பொருத்தம், குறுக்குப் பொருத்தம், ஈரல் அழற்சி பி, சி, எச்.ஐ.வி., காசநோய், எக்ஸ்றே, ஈ.சி.ஜி., வயிற்று ஸ்கான். பெண்களுக்கு மார்பும் கருப்பைக் கழுத்தும் பார்ப்பார்கள்.

பல்கலைக்கழகம்: சாயம் ஏற்றி எடுக்கிற சி.ரி. ஸ்கான். கிட்னிக்கு எத்தனை குழாய், எங்கே பிரிகிறது என்று சத்திரசிகிச்சை நிபுணர் படம் பார்த்துத்தான் பாதை போடுவார். கடைசியில் நேர்முகத் தேர்வு, மனநல வைத்தியரோடு. மற்றதெல்லாம் பாஸ் பண்ணி அதிலே விழுந்தவர்களும் உண்டு.

கேள்வி: எனக்கு ஓ பொசிற்றிவ். அக்காவுக்கு பி நெகற்றிவ். பொசிற்றிவும் நெகற்றிவும் சேராதே? (தங்கச்சி, மல்லாவி)

இரத்தம் ஏற்றும்போதுதான் அந்தக் கூட்டல் கழித்தலுக்கு மரியாதை. கிட்னி அதைக் கணக்கெடுக்காது. எழுத்தைத்தான் பார்க்கும். ஓ வகைக்காரர் யாருக்கும் குடுக்கலாம், ஆனால் ஓ வகையிடம் மட்டும்தான் வாங்கலாம். ஊரிலும் அப்படிச் சிலர் இருப்பார்கள், வீட்டில் மூத்தவர்களாகப் பிறந்திருப்பார்கள்.

கேள்வி: குறுக்குப் பொருத்தம் என்றால் என்ன? (ஓய்வுபெற்ற ஆசிரியர், கிளிநொச்சி)

சாதகம் பார்க்கிறது மாதிரித்தான், ஆனால் சாதகத்தை நம்பாமல் மாப்பிள்ளையையும் பெண்ணையும் ஒரு அறைக்குள் விட்டுச் சண்டை வருகிறதா என்று பார்ப்பது. கொடையாளியின் வெள்ளணுக்களோடு நோயாளியின் இரத்தத் தெளிநீரைக் கலப்பார்கள். அணுக்கள் செத்தால் கலியாணம் இல்லை. ஒப்பிரேசனுக்குச் சற்று முன்னர் இன்னொரு தடவையும் கலந்து பார்ப்பார்கள், ஏனென்றால் மனம் மாறுவது மனிதர் மட்டுமல்ல.

கேள்வி: நான் அவருக்குக் குடுக்கலாமாம், அவர் எனக்குக் குடுக்கிறதென்றால் சிக்கலாம். இது என்ன நியாயம்? (மூன்று பிள்ளைகளின் தாய், ஒட்டுசுட்டான்)

இயற்கையின் நியாயம், தங்கச்சி. மூன்று பிள்ளையை வயிற்றில் சுமந்தபோது ஒவ்வொன்றிலும் பாதி அவருடைய இழையம். உங்கள் இரத்தம் அந்தப் பாதியைப் பார்த்து, "இது வெளியாள்" என்று எதிர்ப்பொருள் செய்து வைத்திருக்கக்கூடும். அவரது கிட்னி உங்களுக்குள் வந்தால் அந்தப் பழைய ஞாபகம் எழும்பும். அவருடைய இரத்தத்துக்கு உங்களைப் பற்றி அப்படி ஒன்றும் ஞாபகம் இல்லை. பல வீடுகளிலும் இதே நிலைமைதான்.

கேள்வி: அக்காவுக்குத்தான் கிட்னி தேவை. 2009 யுத்தத்தில் காயப்பட்டு நிறைய இரத்தம் ஏற்றினார்கள். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டோ? (விசுவமடு)

உண்டு, கட்டாயம் டொக்டரிடம் சொல்லுங்கோ. பிள்ளைப்பேறு போலவே இரத்தம் ஏற்றுவதும் எதிர்ப்பொருளை உண்டாக்கும். பத்துப் பேருடைய இரத்தம் அன்று உயிரைக் காப்பாற்றியது. இன்று பொருத்தமான கொடையாளியைத் தேடும் வேலையைக் கடினமாக்கியும் விட்டது. வன்னியில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஃபைலை மூடக்கூடாது.

கேள்வி: எனக்கு முதுகிலும் இடுப்பிலும் ஷெல் துண்டு இருக்கிறது. நான் குடுக்கலாமா? (முன்னாள் மேசன், புதுக்குடியிருப்பு)

துண்டு இருப்பது மட்டும் தடையில்லை. எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. வயிற்றில் முன்னர் ஒப்பிரேசன் நடந்திருந்தால் உள்ளே ஒட்டுப் பிடித்திருக்கும், கமரா விட்டு எடுக்கிற வேலை கடினம். இரும்பு பக்கத்தில் கிடந்தால் ஸ்கான் படத்தில் வெள்ளைக் கோடு அடித்துக் குழாய்களை மறைக்கும். எம்.ஆர்.ஐ. என்று யாரும் சொன்னால் அறைக்குள் போக முதல் சத்தமாகச் சொல்லுங்கோ. அது காந்தம், துண்டை அசைக்கும்.

கேள்வி: மாமா, கிட்னி என்ன வேலைதான் செய்கிறது? (தரம் 7 மாணவன், இராமநாதபுரம்)

ஒரு நாளைக்குச் சுமார் 180 லீற்றர் வடிக்கிறது. அதில் ஒன்றரை, இரண்டு லீற்றரைத்தான் வெளியே விடுகிறது. மிச்சம் முழுவதையும் திரும்ப உடம்புக்கே குடுக்கிறது. இரணைமடுக் குளத்தில் இரணை என்றால் இரட்டை, தெரியும்தானே? உன் முதுகுக்குப் பின்னாலும் ஒரு இரணைமடு. ஒன்றை மூடினால் மற்றது பெருத்து வேலையைக் கூட்டும். இரண்டும் சேர்ந்து செய்ததில் ஏறக்குறைய எழுபது வீதம் வரை தனியே செய்துவிடும். ஆயிரம் பேரில் ஒருவர் அளவில் ஒற்றைக் கிட்னியோடே பிறந்து, அது தெரியாமலே பேரப்பிள்ளை கண்டுவிடுகிறார்கள்.

கேள்வி: 24 மணித்தியாலச் சலத்தையும் கானில் பிடித்து வரட்டாம். பஸ்ஸில் எப்படிக் கொண்டுபோவது? (துணுக்காய்)

வெட்கப்படாமல்! காலை எழும்பியதும் போகிற முதற் சலத்தைக் கானில் விடாதேங்கோ, நேரத்தை மட்டும் எழுதுங்கோ. அதற்குப் பிறகு போவது எல்லாம் கானுக்குள். மறுநாள் அதே நேரத்துச் சலம் கடைசி. ஒருதரம் தவறினாலும் கணக்குப் பிழைத்துவிடும். நடத்துநர் கேட்டால் மருந்து என்று சொல்லுங்கோ. பொய்யில்லை, அண்ணனுக்கு மருந்துதான் அது.

கேள்வி: அம்மாவுக்கு வயது 65. கிரியற்றினின் 0.9. எனக்கும் 0.9. அப்போ இருவரும் சமம்தானே? (மகன், 25 வயது, செட்டிகுளம்)

இல்லை. கிரியற்றினின் தசையிலிருந்து வருகிறது. மூடை தூக்குகிற உனக்கு 0.9 என்றால் கிட்னி பறக்கிறது. மெலிந்த அம்மாவுக்கு அதே 0.9 என்றால் வடிக்கிற வேகம் சுமார் 70தான். 2017இல் வந்த சர்வதேச வழிகாட்டல் சொல்வது: நிமிடத்துக்கு 90 மில்லிலீற்றரும் அதற்கு மேலும் என்றால் சரி, 60க்குக் கீழே என்றால் வேண்டாம், இடையில் என்றால் டொக்டர்மார் கூடிக் கதைப்பார்கள். ரிப்போட்டில் ஒரே இலக்கம் இருந்தாலும் அம்மாவும் நீயும் ஒன்றாக முடியாது.

கேள்வி: எங்கள் ஊரில் நெல் விதைக்கிற ஆம்பிளைகளுக்கெல்லாம் கிட்னி வருத்தம். அப்பாவுக்கு நான் குடுக்கலாம் என்கிறார்கள். ஆனால் நானும் அதே கிணற்றுத் தண்ணிதான் குடித்து வளர்ந்தேன். (நெடுங்கேணி)

இந்தக் கட்டிலேயே ஆகப் புத்தியான கேள்வி உங்களுடையது, தம்பி.

1990களில் பதவியா, மதவாச்சிப் பக்கம் டொக்டர்மார் கண்ட வருத்தம் இது. சீனியும் இல்லை, பிரஷரும் இல்லை, கிட்னி மட்டும் சுருங்கிப்போகும். வவுனியா, முல்லைத்தீவு எல்லைக் கிராமங்களுக்கும் அது வந்துவிட்டது. வெக்கையில் தண்ணியில்லாமல் வேலையா, கிருமிநாசினியா, கிணற்றின் கடினமும் புளோரைட்டுமா, எல்லாம் சேர்ந்தா என்று முப்பது வருடமாக விவாதம் ஓயவில்லை. நிக்கரகுவாவின் கரும்புத் தோட்டத்திலும் ஆந்திராவின் உத்தானத்திலும் இதே கதை.

இதன் கள்ளத்தனம் என்னவென்றால், தொடக்கத்தில் சலத்தில் புரதம் பெரிதாக வராது. பட்டி தோய்த்துப் பார்த்து "கிளியர்" என்று அனுப்பிவிடுவார்கள். ஆகவே நீங்கள் கிளினிக்கில் அமர்ந்ததும் சொல்ல வேண்டிய முதல் வசனம்: "நான் நெடுங்கேணி, கிணற்றுத் தண்ணி, வயல் வேலை." வருத்தம் உள்ளே ஊறிக்கொண்டிருக்கிற கிட்னியை இன்னொருவருக்கு மாற்றினால் வருத்தக்காரர் இருவராவீர்கள். இளம் விவசாயி என்றால் டொக்டர் தயங்குவார். அவர் தயங்கினால் கோபிக்காதேங்கோ, கும்பிடுங்கோ.

கேள்வி: நாரி நோவுக்கு ஃபார்மசியில் டைக்ளோபினாக் வாங்கிப் போடுவேன், நாளுக்கு இரண்டு. அதைச் சொல்ல வேணுமா? (தோட்டத் தொழிலாளி, கனகராயன்குளம்)

அதைத்தான் முதலில் சொல்ல வேணும். நாரியைக் காப்பாற்றக் கிட்னியை அடமானம் வைக்கிற குளிசை அது. குடுத்த பிறகும் ஆயுளுக்கும் அந்தப் பெட்டியைத் தொடக்கூடாது.

கேள்வி: மூன்று வருடத்துக்கு முந்திக் கண்ணாடி விரியன் கடித்துப் பிழைத்தேன். (மாங்குளம்)

பாம்பு போய்விட்டது, கணக்கு இருக்கிறது. விரியன் நஞ்சு கிட்னியைத் தாக்கும். சிலருக்கு முழுக்கச் சுகமாகும், சிலருக்குத் தழும்பு நிற்கும். எலிக்காய்ச்சல் வந்தவர்களுக்கும் இதே பதில். பழைய கிளினிக் கொப்பியைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கோ.

கேள்வி: வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்திருக்கிறேன். பொருந்தும்தானே? (முள்ளியவளை)

கடல்நீரில் விளக்கெரிக்கிற அம்மன், அவவுக்கு எதுவும் முடியும். ஆனால் நேர்த்தியை மாற்றி வையுங்கோ: "பொருந்த வேணும்" என்று வேண்டாமல், "பொருந்தாவிட்டால் அது நேரத்தோடு தெரிய வேணும்" என்று.

கேள்வி: கண்ணப்ப நாயனார் ஒரு சோதினையும் இல்லாமல் கண்ணைக் குடுத்தாரே? (சைவப் பெரியார், வவுனியா)

குடுத்தார். இரண்டாவது கண்ணையும் தோண்டப் போனபோது சிவபெருமானே கை நீட்டிப் பிடித்து நிறுத்தினார். கொடையாளியைக் கழிக்கிற டொக்டரின் கையும் அதே கைதான், ஐயா.

கேள்வி: உலகத்தில் முதன்முதலில் யார் குடுத்தது? அவருக்கும் சோதினை வைத்தார்களா? (வாசகர், முல்லைத்தீவு)

வெற்றியாக முடிந்த முதற் கொடை 1954 டிசம்பர் 23, பொஸ்ரன். றொனால்ட் ஹெரிக் தன் இரட்டைச் சகோதரன் றிச்சர்டுக்குக் குடுத்தார். நிராகரிப்பைத் தடுக்கும் மருந்து அப்போது இல்லை. ஒரே கருவில் பிரிந்த இரட்டையராக இருந்தால்தான் சரிவரும். அதை உறுதிப்படுத்த ஒருவர் தோலை மற்றவருக்கு ஒட்டிப் பார்த்தார்கள். போதாதென்று பொலிஸ் நிலையத்துக்கு அனுப்பிக் கைரேகையும் எடுத்தார்கள். பொலிஸ் நிலையத்தில் காத்திருந்த பத்திரிகைக்காரருக்குக் கதை கசிந்துவிட்டது!

ஒப்பிரேசனுக்கு முதல்நாள் இரவு, "எழும்பி வீட்டை போ" என்று றிச்சர்ட் சகோதரனுக்குத் துண்டு எழுதி அனுப்பினார். போக மாட்டேன் என்று பதில் போனது. றிச்சர்ட் எட்டு வருடம் வாழ்ந்து, தன்னைப் பராமரித்த தாதியையே கலியாணம் செய்து, இரண்டு பிள்ளைக்குத் தகப்பனானார். குடுத்த றொனால்ட் 2010 வரை, 79 வயது வரை இருந்தார். கிட்னியை வைத்துத் தைத்த டொக்டர் ஜோசப் மறிக்கு 1990இல் நோபல் பரிசு.

கேள்வி: எங்கள் பக்கம் எப்போது தொடங்கியது? (அதே வாசகர்)

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1971இல். இலங்கையில் 1985இல், பேராசிரியர் ரெஸ்வி ஷெரிப் குழுவினர். நீங்கள் ஒரு கடிதத்தில் இரண்டு கேள்வி கேட்டதை இந்த ஒருமுறை மன்னிக்கிறேன்.

கேள்வி: உண்மையைச் சொல்லுங்கோ, ஆள் செத்துப்போக இடம் உண்டா? (மனைவி, அக்கராயன்)

உண்டு. அமெரிக்காவில் 2010இல் வந்த ஆய்வு, ஒப்பிரேசனின் பின் 90 நாளுக்குள் பத்தாயிரம் கொடையாளிகளில் மூன்று பேர் என்றது. 2024இல் வந்த புதிய கணக்கு ஒன்றுக்கும் குறைவு என்றது.

வாழ்நாள் கணக்கு இன்னொன்று. கொடையாளி பத்தாயிரம் பேரில் 90 பேருக்குப் பின்னாளில் கிட்னி முழுதாய்ச் செயலிழக்கும் ஆபத்து. ஒருவித சோதினையும் செய்யாத ஊர்ச்சனத்தில் அது 326. பார்த்தீர்களா, குடுத்தவர்கள் பாதுகாப்பானவர்கள் என்று சொல்லத் தோன்றும். சொல்லக்கூடாது! கொடையாளிகள் போல வடித்தெடுத்த சுகதேகிகள், ஆனால் குடுக்காதவர்கள், அவர்களுக்கு அது வெறும் 14. 90 ஆட்களையும் 14 ஆட்களையும் பக்கத்தில் வைத்துக் காட்டாமல் கையெழுத்து வாங்குகிறவர் பாதி உண்மைதான் சொன்னவர்.

கேள்வி: இடதா வலதா, எதை எடுப்பார்கள்? (சிறாட்டிகுளம்)

பெரும்பாலும் இடது. அதன் நாளம் நீளம், தைக்க வசதி. ஆனால் இரண்டில் ஒன்று கொஞ்சம் மட்டமென்றால் சட்டம் ஒன்றுதான்: நல்லது குடுத்தவரோடு நிற்கும்.

கேள்வி: அண்ணாவின் பழுதான கிட்னியை எடுத்துவிட்டா என்னுடையதை வைப்பார்கள்? (தரணிக்குளம்)

பெரும்பாலும் எடுப்பதில்லை. புதியது அடிவயிற்றில், இடுப்பெலும்புப் பள்ளத்தில் குந்தும். இனி அண்ணா மூன்று கிட்னிக்காரர், வேலை செய்வது உங்களுடையது ஒன்று. கூட்டுக் குடும்பத்தில் நடக்காததா?

கேள்வி: மாமியார் வீட்டார் என்னைத்தான் குடுக்கச் சொல்கிறார்கள். அவரின் தம்பிமார் மூன்று பேர் இருக்கிறார்கள், ஒருவரும் கதிரையை விட்டு எழும்பவில்லை. மறுத்தால் நான் கொலைகாரி. என்ன செய்ய? (பெயர், ஊர் வேண்டாம்)

பிள்ளை, இந்தப் பதிலை மட்டும் இரண்டுதரம் வாசி.

ஒழுங்கான மதிப்பீட்டில் கொடையாளியைத் தனியாக வைத்துக் கதைக்கிற ஒரு கட்டம் கட்டாயம் உண்டு. புருஷன் இல்லை, மாமி இல்லை, பிள்ளைகூட மடியில் இல்லை. அங்கே நீ "எனக்கு விருப்பமில்லை" என்று சொன்னால் போதும். ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. வெளியே வந்து டொக்டர் சொல்வது ஒரே வசனம்: "இவ மருத்துவ ரீதியாகப் பொருத்தமில்லை." எந்தப் பொருத்தம் என்று அவர் சொல்லமாட்டார், சொல்லக்கூடாது. அது பொய்யும் இல்லை, விருப்பமில்லாத உடம்பு பொருத்தமில்லாத உடம்புதான்.

கையெழுத்துப் போட்ட பிறகும் மாறலாம். மயக்க ஊசிக்காரர் ஊசியைக் கையில் எடுத்த பிறகும் மாறலாம். ஒப்பிரேசன் மேசை வரைக்கும் உன் "இல்லை" செல்லும்.

உலகம் முழுக்கக் குடுப்பவர்களில் பெண்கள் கூட, வாங்குபவர்களில் ஆண்கள் கூட. இது தற்செயல் என்று யாரும் சொன்னால் நம்பாதே. மூன்று தம்பிமாரும் இரத்த வகையாவது பார்த்தார்களா என்று ஒருக்கால் கேள். வகை பார்க்க விரல் நுனியில் ஒரு சொட்டுப் போதும்.

கேள்வி: கண்டியில் மனநல டொக்டர் சிங்களத்தில் கேட்டா. மச்சான் மொழிபெயர்த்தார். அதில் பிழை உண்டோ? (வவுனிக்குளம்)

முழுப் பிழை. யாருக்குக் கிட்னி தேவையோ அவருடைய வீட்டு மச்சானே மொழிபெயர்த்தால், நீங்கள் "பயமாயிருக்கு" என்றது அங்கே "சந்தோசம்" என்றுதான் போய்ச் சேரும். குடும்பத்தில் இல்லாத, தமிழ் தெரிந்த தாதியையோ உத்தியோகத்தரையோ கேளுங்கோ. தராவிட்டால் இன்னொரு நாள் வருகிறேன் என்று எழும்புங்கோ. ஏ9 வீதி கண்டியில்தான் தொடங்குகிறது, அந்த ஊருக்குத் தமிழ் புதிதில்லை.

கேள்வி: லீசிங், நுண்கடன் இரண்டும் கழுத்தில். ஒருவர் கிட்னிக்குப் பெரிய காசு பேசுகிறார். ஒன்று இருந்தால் போதும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். (தர்மபுரம்)

போதும் என்று எழுதினேன், விலை எழுதவில்லை. 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க மனித இழையங்கள் மாற்றீட்டுச் சட்டப்படி விற்பதும் வாங்குவதும் குற்றம்.

சட்டத்தை விடுங்கோ, கணக்கைப் பாருங்கோ. சென்னையில் கிட்னி விற்ற 305 பேரைத் தேடிப் பிடித்து ஆராய்ந்து 2002இல் வெளியிட்டார்கள். 96 வீதமானோர் கடன் அடைக்க விற்றவர்கள். சராசரியாகக் கையில் கிடைத்தது 1,070 டொலர். ஆண்டுகள் போன பின் பார்த்தால் நான்கில் மூன்று பேர் இன்னும் கடனில், குடும்ப வருமானம் மூன்றில் ஒன்று குறைந்திருந்தது. மற்றவருக்கும் இதைச் சொல்வீர்களா என்று கேட்டதற்கு 79 வீதமானோர் இல்லை என்றார்கள். வில்லிவாக்கத்தைக் "கிட்னிவாக்கம்" என்று சனம் கூப்பிட்ட காலம் அது.

தரகர் இன்னொன்றும் செய்வார்: சோதினையைச் சுருக்குவார். "உறவுக்காரன் என்று சொல்லு, பழைய வருத்தத்தைச் சொல்லாதே" என்று பாடம் சொல்லித் தருவார். உறவில்லாதவர் குடுப்பதென்றால் அனுமதிக்கு ஒரு குழு இருக்கிறது. அங்கே நீங்கள் சொல்கிற ஒவ்வொரு பொய்யும் உங்கள் உடம்பிலேயே தைக்கப்படும். உங்கள் கடன் தலைமுறைக்கும் நிற்காது, தம்பி. தழும்பு நிற்கும்.

கேள்வி: ஞாயிறு பேப்பரில் "சிறுநீரகம் தேவை" என்று விளம்பரம் வருகிறதே, அது விற்பனையில்லையா? (நூலகர், வவுனியா)

விளம்பரம் போட்டவர் அநேகமாக ஒரு தாய். அதைப் பார்த்து முதலில் தொலைபேசி எடுப்பவர் அநேகமாக ஒரு தரகர். கேட்பதில் குற்றமில்லை, விலை பேசுவதில்தான் குற்றம்.

கேள்வி: கூடப் பிறந்தவர்கள் நான்கு பேர். தம்பி 2009 மே மாதம் கடைசியாகக் கண்டது. அவனுடையது எனக்குப் பொருந்தியிருக்குமோ என்று ஒவ்வொரு டயலிசிஸ் நாளும் நினைக்கிறேன். (அக்கா, முல்லைத்தீவு)

கூடப்பிறந்த ஒருவருடன் முழுப் பொருத்தம் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அரைப் பொருத்தம் நான்கில் இரண்டு. ஒன்றுமே இல்லாதிருக்க நான்கில் ஒன்று. இது எல்லோரும் வீட்டில் இருக்கிறவர்களுக்கான கணக்கு, அக்கா.

இருக்கிற இருவரையும் கேளுங்கோ. இன்றைய மருந்துகளுக்கு முழுப் பொருத்தம் தேவையில்லை, அரையும் போதும், இல்லாமலும் நடக்கும். புருஷன் பெண்சாதிக்குள் குடுப்பது அப்படித்தானே.

கேள்வி: அம்மாவுக்கு நான் குடுக்கிறேன். நான் அவவின் மகள் என்று காட்டப் பிறப்புச் சான்றிதழ் இல்லை, இடம்பெயர்வில் தொலைந்தது. (இரட்டைவாய்க்கால்)

பிரதேச செயலகத்தில் பிரதி கேட்டு விண்ணப்பியுங்கோ, பதிவே அழிந்திருந்தால் கிராம சேவகரின் உறுதிப்படுத்தலோடு மாற்று வழி உண்டு. காகிதம் வேணும்தான். ஆனால் இழையப் பரிசோதனையில் தாய்க்கும் மகளுக்கும் சரியாகப் பாதி ஒத்து நிற்கும். எட்டுத் தரம் இடம்பெயர்ந்தும் தொலையாத ஒரே பத்திரம் அது.

கேள்வி: தம்பி ரொறன்ரோவில். குடுக்க வருகிறேன் என்கிறான். (கிளிநொச்சி)

வரட்டும், நல்ல பிள்ளை. முதலில் பிரஷர், சீனி, சலம், கிரியற்றினின், இரத்த வகை ஐந்தையும் அங்கேயே குடும்ப டொக்டரிடம் பார்க்கச் சொல்லுங்கோ. விழுவதென்றால் ரொறன்ரோவிலேயே விழட்டும், ரிக்கற் காசு மிச்சம்.

கேள்வி: அக்கா குடுக்க ஆசை, இரத்த வகை சேரவில்லை. பக்கத்துக் கட்டில்காரருக்கும் அதே பிரச்சினை. மாற்றிக் குடுத்தால் என்ன? (வவுனியா)

நல்ல மூளை! 1991இல் தென்கொரியாவில் அப்படிச் செய்துவிட்டார்கள். உன் அக்கா அவருக்கு, அவரின் மனைவி உனக்கு. நம் ஊர் மாற்றுச் சம்பந்தம் போல. டொக்டரிடம் கேள். ஆனால் மாற்றுச் சம்பந்தத்தில் போல இரண்டும் ஒரே நாளில் நடக்க வேணும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் கழன்றுவிடும்.

கேள்வி: இன்னும் பிள்ளை இல்லை, 27 வயது. குடுத்தால் பிறகு பிள்ளை பெறலாமா? (கரைச்சி)

பெறலாம். அநேகருக்குச் சுகமாகவே பிறக்கிறது. ஆனால் 2015இல் வந்த கனடா ஆய்வில், பிள்ளைத்தாய்ச்சிக் காலத்துப் பிரஷர் கோளாறு கொடையாளிப் பெண்களில் 11 வீதம், மற்றவர்களில் 5. இது தெரியாமல் கையெழுத்துப் போடாதே. வீட்டில் வேறு கொடையாளி இருந்தால் அவர் முந்தட்டும்.

கேள்வி: குடுத்தால் வயல் வேலை செய்யலாமா? (வட்டக்கச்சி)

செய்யலாம், உடனே இல்லை. ஆறு கிழமைக்குப் பாரம் தூக்கக்கூடாது. நெல் மூடை பாரம்தான், "சின்ன மூடை" என்று ஏமாற்றக்கூடாது. காலபோக அறுவடை முடியத் திகதி கேளுங்கோ. பிறகு ஆயுளுக்கும் மூன்று விசயம்: வெயிலுக்குள் தண்ணிப் போத்தல், வருடத்துக்கு ஒருதரம் பிரஷரும் கிரியற்றினினும் சலமும், சுருட்டுக்கு விடை.

கேள்வி: அண்ணாவுக்குக் குடுத்தேன். இப்போது காணி எல்லையில் நாலு முழத்துக்குப் பொலிஸுக்குப் போகிறார். திரும்பக் கேட்கலாமா? (கொக்காவில்)

2009இல் அமெரிக்காவில் ஒரு டொக்டர் விவாகரத்து வழக்கில் மனைவிக்குக் குடுத்த கிட்னியைத் திரும்பக் கேட்டார், அல்லது பதினைந்து இலட்சம் டொலர் என்றார். நீதிமன்றம் இரண்டையும் குடுக்கவில்லை. வேலியைத் தள்ளிப் போடுங்கோ, தம்பி. நாலு முழம் அவருக்குள் ஏற்கெனவே உங்களுடையது இருக்கிறது.

கேள்வி: மூன்று மாதம் அலைந்தேன். சீனி கூடவாம், கழித்துவிட்டார்கள். மகனுக்கு உதவாத உடம்பு எனக்கு எதற்கு? (அம்மா, உருத்திரபுரம்)

அம்மா, அந்தச் சோதினை நடக்காவிட்டால் உங்கள் சீனி இன்னும் ஐந்து வருடம் ஒளித்திருக்கும். இப்போது பிடிபட்டது, மருந்துக்கு அடங்கும். ஒன்றைக் குடுத்திருந்தால் மிஞ்சிய ஒன்றைச் சீனி அரித்து, மகன் கிளினிக்கில் இருக்கும்போது பக்கத்துக் கதிரையில் நீங்கள். மகனை டயலிசிசுக்குக் கூட்டிப்போக ஒரு ஆள் வேணும். அதற்கும் சுகமான உடம்புதான் வேணும்.

கேள்வி: முடிவெடுத்துவிட்டேன் மாமா. நாளைக் காலை எங்கே, எப்படிப் போக வேணும்? (தம்பி, பாண்டியன்குளம்)

அண்ணாவைப் பார்க்கிற சிறுநீரகக் கிளினிக்கிலேயே "நான் கொடையாளி" என்று பதியுங்கோ, மிச்ச வழியை அவர்கள் காட்டுவார்கள். சாப்பிடாமல் போங்கோ, இரத்தம் எடுப்பார்கள். பழைய கொப்பி, குளிசைப் பெட்டி, அடையாள அட்டை கையில். அண்ணியையும் அத்தானையும் வீட்டில் விட்டுவிட்டு, முதல் நாள் மட்டுமாவது, தனியாகப் போங்கோ.